தூரமும் வறட்சியும் வளர்த்த மாநிலம்: நியூ மெக்சிகோ

கேள்வி இதுதான்: நியூ மெக்சிகோ என்பது மெக்சிகோ நாட்டைச் சேர்ந்ததா, அமெரிக்க மாநிலமா? மண் வீடு, மிளகாய், அணுகுண்டு, பறக்கும் தட்டு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விஷயங்களுக்கெல்லாம் அந்த ஒரே பெயர் அடிபடுவது எப்படி?

முதல் பாதிக்கு விடை எளிது. அது அமெரிக்காவின் 47-வது மாநிலம். 1912 ஜனவரி 6-ல் ஒன்றியத்தில் சேர்ந்தது. பரப்பளவு சுமார் 3,15,000 சதுர கிலோமீட்டர், அமெரிக்காவில் ஐந்தாவது பெரிய மாநிலம். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 21 லட்சம்தான். பெயர் மெக்சிகோ நாட்டிடமிருந்து வந்ததல்ல. அந்த நாடு விடுதலை பெற்றது 1821-ல். 'நுவேவோ மெஹிகோ' என்ற பெயரை ஸ்பானியர்கள் 16-ம் நூற்றாண்டிலேயே வைத்துவிட்டார்கள். அஸ்டெக் பழங்குடியினரின் தலைநகரான மெஹிகோவில் கண்ட செல்வம் வடக்கேயும் கிடைக்கும் என்ற ஆசையில் வைத்த பெயர் அது. இன்றும் பல அமெரிக்கர்களே இதை வெளிநாடு என்று நினைக்கிறார்கள். கார் நம்பர் பிளேட்டில் மாநிலத்தின் பெயரோடு 'யுஎஸ்ஏ' என்றும் சேர்த்து அச்சிடும் ஒரே மாநிலம் இதுதான்.

இரண்டாம் பாதிக்குத்தான் நீண்ட விடை வேண்டும். ஒட்டாததாகத் தெரியும் அத்தனைக்கும் அடியில் இரண்டே காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீர் இல்லை. மாநில சராசரி மழை ஆண்டுக்கு சுமார் 350 மில்லிமீட்டர். இரண்டு, எல்லா இடத்திலிருந்தும் தூரம். ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோ நகரிலிருந்து, இன்றைய மாநிலத் தலைநகரான சாண்டா ஃபே பக்கம் வர 2,500 கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பாதை. போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். வறட்சி அங்குள்ள மக்களைச் சேர்ந்து வாழ வைத்தது. தூரம் அவர்களின் பழையதைக் கலையாமல் காத்தது. பிற்பாடு அதே தூரம்தான் ராணுவத்தையும் விஞ்ஞானிகளையும் அங்கே இழுத்து வந்தது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். இந்த மாநிலத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

வட நியூ மெக்சிகோவின் பள்ளத்தாக்குகளில் 'அசேக்கியா' எனப்படும் வாய்க்கால்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் ஓடுகின்றன. சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்கள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோன பாசன முறையை ஸ்பானியர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். இங்கிருந்த புவெப்லோ பழங்குடியினரும் ஏற்கெனவே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்துவந்தவர்கள்தான். 'அசேக்கியா' என்ற சொல் வாய்க்காலை மட்டும் குறிப்பதில்லை, அந்த வாய்க்காலில் பங்குள்ளவர்களின் சங்கத்துக்கும் அதே பெயர். மாநிலச் சட்டப்படி அந்தச் சங்கம் ஓர் உள்ளாட்சி அமைப்பு.

அமைப்பு இப்படி இருக்கும். ஆற்றின் குறுக்கே கல்லும் மரக்கட்டையும் அடுக்கிய கொரம்பு ஒன்று. இப்போது பல இடங்களில் அது கான்கிரீட். அங்கிருந்து பிரிவது 'தாய் வாய்க்கால்'. அது ஆற்றைவிடக் குறைந்த சரிவில் மலையோரமாகவே போவதால், போகப் போக ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடையில் உள்ள நிலம் முழுவதும் பம்பு இல்லாமலே பாயும். உயரத்தில் நின்று பார்த்தால் கோடு கிழித்த மாதிரி தெரியும்: வாய்க்காலுக்கு மேலே ஜூனிப்பர் புதரும் காய்ந்த செம்மண்ணும், கீழே அல்ஃபால்ஃபா எனும் தீவனப் பயிர், ஆப்பிள் மரங்கள், பச்சை. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை. மிச்சத் தண்ணீர் கடைசியில் ஒரு வடிகால் வழியே ஆற்றுக்கே திரும்பிவிடும்.

நிர்வாகத்துக்கு மூன்று ஆணையர்களும் ஒரு 'மயோர்தோமோ'வும் உண்டு. நம் சொல்லில் மயோர்தோமோ நீர்க்கட்டி, அதாவது வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதை முடிவு செய்வது அவர்தான். வசந்தத்தில், தண்ணீர் விடும் முன், பங்குதாரர் எல்லாரும் வர வேண்டிய தூர்வாரும் நாள் வரும். பங்கின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் கட்ட வேண்டும். மயோர்தோமோ ஆளுக்கு இவ்வளவு என்று வாய்க்காலை அளந்து கோடு போடுவார். அந்தத் துண்டுக்குப் பெயர் 'தாரேயா'. வண்டலை வாரி, கரையைச் செதுக்கி, வேரை வெட்டி முடித்ததும் அவர் 'வுவெல்த்தா' என்று குரல் கொடுப்பார். எல்லாரும் முன்னால் உள்ள அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். தண்ணீர் விட்ட பிறகு வரும் தொல்லைகளில் முதலிடம் வளை எலிக்கு. கரைக்குள் அது குடையும் ஒரு வளை போதும், ஓர் இரவில் கரை உடைப்பெடுத்துவிடும். அடுத்தது நீர்நாய் போன்ற பீவர். அது கொரம்பிலேயே தன் அணையைக் கட்டிவிடும்.

வாய்க்காலுக்கு வந்த பெரிய ஆபத்து வேறு, அது சட்டத்தின் வழியாக வந்தது. அமெரிக்க மேற்கின் தண்ணீர்ச் சட்டம் 'முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை' என்பது. பஞ்ச காலத்தில் மூத்த உரிமைக்காரர் முழுவதும் எடுக்கலாம், இளையவர் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான். அசேக்கியாவின் வழக்கம் நேர் எதிர்: குறைந்தால் எல்லாருக்கும் சேர்ந்தே குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். ஒருவர் தன் பங்கை நகரத்துக் கட்டுமானக்காரருக்கு விற்றால் வாய்க்காலில் வரத்து குறையும். ஆனால் தூர்வார வேண்டிய நீளம் குறையாது, ஆள்தான் குறையும். பத்துப் பேர் விற்றால் வாய்க்கால் செத்தது. 2003-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம், இப்படி உரிமையை வெளியே மாற்றுவதை அனுமதிக்கவும் மறுக்கவும் சங்கத்துக்கே அதிகாரம் தந்தது. அசேக்கியாக்கள் இன்னும் உயிரோடு இருப்பதில் அந்தத் திருத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

இனி வரலாறு. அங்கும் தண்ணீரும் தூரமும் கூடவே வரும்.

1540-ல் ஸ்பானியத் தளபதி கொரோனாடோ, கதைகளில் கேட்ட ஏழு பொன் நகரங்களைத் தேடி வந்தார். கண்டது கல்லாலும் மண்ணாலும் கட்டிய புவெப்லோ ஊர்கள். பொன் இல்லை. 1598-ல் ஹுவான் தே ஒன்யாத்தே குடியேறிகளோடு வந்து, இன்றைய ஓக்கே ஓவிங்கே ஊரருகே முதல் ஸ்பானியக் குடியேற்றத்தை நிறுவினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், தம் வீரர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் பாறை உச்சியில் இருந்த ஆக்கோமா ஊரைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டும்படி தண்டனை விதிக்கப்பட்டது. நானூறு ஆண்டுகள் கழித்து, ஒன்யாத்தே வந்ததன் 400-வது ஆண்டு விழாவை ஒட்டி, அல்கால்தே ஊரில் இருந்த அவர் வெண்கலச் சிலையின் வலது பாதத்தை யாரோ இரவில் அறுத்து எடுத்துப் போனார்கள். இந்த மாநிலத்தில் 1599 அவ்வளவு தூரத்தில் இல்லை.

1680-ல் நடந்தது வட அமெரிக்கப் பழங்குடி வரலாற்றில் தனித்து நிற்கும் ஒரு வெற்றி. மதக் கட்டாயம், கூலியில்லா உழைப்பு, பல ஆண்டுப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து புவெப்லோக்களைக் கிளர்ந்தெழச் செய்தன. தலைமை தாங்கியவர் போப்பே என்ற புவெப்லோ சமயத் தலைவர். ஊர்களுக்குள் பல மொழிகள், எழுத்து கிடையாது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. ஒரே நாளில் எழுவது எப்படி? நாரில் முடிச்சுகள் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாள் எழுச்சி நாள். இரண்டு ஓட்டக்காரர்கள் பிடிபட்டதால் திட்டம் கசிந்தது. உடனே நாளை முன்னே இழுத்து ஆகஸ்ட் 10-ல் எழுந்தார்கள். சுமார் 400 ஸ்பானியர் இறந்தனர். அவர்களில் 21 பேர் பாதிரியார்கள். சாண்டா ஃபேயில் அடைந்து கிடந்த மற்றவர்களை விரட்டியது எது தெரியுமா? அரண்மனைக்குப் போகும் வாய்க்காலைத் திருப்பிவிட்டார்கள். தாகம் தாங்காமல் ஆளுநர் ஒத்தெர்மின் தம் மக்களோடு தெற்கே எல் பாசோவுக்கு நடந்தார். 12 ஆண்டுகள் அந்த மண் ஸ்பானியர் கையில் இல்லை.

1692-ல் ஸ்பானிய ஆளுநர் தியேகோ தே வார்காஸ் படையோடு வந்து அதை மீட்டார். ஆனால் இம்முறை ஸ்பானியர் கட்டாயத்தைக் குறைத்துக்கொண்டார்கள். புவெப்லோ மக்கள் தங்கள் சடங்குகளையும் நிலத்தையும் காத்துக்கொள்ள முடிந்ததற்கு இந்தக் கிளர்ச்சியே காரணம். இன்றும் 19 புவெப்லோ ஊர்கள், பெரும்பாலும் அதே இடத்தில், அதே மொழிகளோடு இருக்கின்றன. தாவோஸ் புவெப்லோவின் அடுக்கு வீடுகளில் ஆயிரம் ஆண்டு வாக்கில் மனிதர் குடியிருந்து வருகிறார்கள். இந்த ஊர்களின் ஆளுநர்களிடம் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடிகள் உண்டு. ஒன்று ஸ்பெயின் மன்னர் தந்தது. மற்றொன்றின் பூணில் 'ஆ. லிங்கன், 1863' என்று பொறித்திருக்கும். தங்கள் தன்னாட்சியை இரண்டு அரசுகள் ஏற்றதற்கு அவை சான்று. புதிய ஆளுநர் பொறுப்பேற்கும்போது அந்தத் தடிகள்தான் கைமாறும்.

அடுத்த ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் தூரத்தின் காலம். வெளிநாட்டாரோடு வணிகம் கூடாது என்பது ஸ்பெயினின் சட்டம். புத்தகம், இரும்பு, கண்ணாடி எல்லாமே அபூர்வம். அதனால்தான் வட கிராமங்களில் பேசும் ஸ்பானியத்தில் 'அசீனா', 'முஞ்சோ', 'த்ரூஹே' போன்ற 16, 17-ம் நூற்றாண்டு வடிவங்கள் தங்கிவிட்டன. மாட்ரிட்டில் அவை என்றோ வழக்கொழிந்தவை. 1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து சாண்டா ஃபே வணிகப் பாதை திறந்தது. 1846-ல் அமெரிக்கப் படை சாண்டா ஃபேயைத் துப்பாக்கிச் சத்தமின்றிப் பிடித்தது. மெக்சிகோவோடு நடந்த அந்தப் போரை முடித்த 1848 குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் அமெரிக்கா ஒரு வாக்குக் கொடுத்தது: இங்குள்ளவர்களின் சொத்துரிமை மதிக்கப்படும்.

அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஸ்பானிய, மெக்சிகோ அரசுகள் தந்த நில மானியங்களில் வீட்டு மனையும் வயலும் தனியாருக்கு. மேய்ச்சலும் விறகுக் காடும் ஊர்ப் பொது. அமெரிக்க நீதிமன்றங்களுக்கு 'ஊர்ப் பொது' என்ற கருத்தே புரியவில்லை. 1897-ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய பொது நிலம் அரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. 1891-ல் அமைந்த நில உரிமை நீதிமன்றத்தின் முன் வந்த கோரிக்கைகள் 3.5 கோடி ஏக்கருக்கு. உறுதி செய்யப்பட்டது சுமார் 20 லட்சம் ஏக்கர். வழக்கு நடத்தப் பணமில்லாதவர்கள் வக்கீலுக்கு நிலத்தையே கூலியாகத் தந்தார்கள். அப்படிச் சேர்த்து தாமஸ் காட்ரன் என்ற வக்கீல் நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார்களில் ஒருவரானார். 1967-ல் தியேர்ரா அமாரியா ஊரின் நீதிமன்றத்தை நில உரிமைப் போராளி ரெயேஸ் லோப்பேஸ் திஹெரினாவின் ஆட்கள் ஆயுதத்தோடு தாக்கியது இந்தக் காயத்தின் தொடர்ச்சிதான். பொது மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி இன்று தேசியக் காடு.

1850-ல் மாநில அந்தஸ்து இல்லாத ஆட்சிப்பகுதியான நியூ மெக்சிகோ மாநிலமாக 62 ஆண்டுகள் காத்திருந்தது. ஸ்பானியம் பேசும் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை என்பதுதான் வாஷிங்டனின் தயக்கத்துக்கு முக்கியக் காரணம். அந்தக் காத்திருப்பின் கசப்பு அரசியலமைப்பிலேயே தெரிகிறது. ஸ்பானிய வம்சக் குழந்தைகளைப் பள்ளியில் பிரித்து வைக்கக் கூடாது, ஆசிரியர்களுக்கு இரு மொழிப் பயிற்சி வேண்டும் என்ற பிரிவுகளைத் திருத்துவதற்கு மாநில அளவில் நான்கில் மூன்று பங்கு வாக்கும், ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற பிரிவு) மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும். திருத்தவே முடியாதபடி பூட்டிவிட்டார்கள் என்றே சொல்லலாம். அதே அரசியலமைப்பு பழங்குடியினருக்கு வாக்குரிமை தரவில்லை. இஸ்லேட்டா புவெப்லோவைச் சேர்ந்த ஆசிரியரும் இரண்டாம் உலகப்போர் வீரருமான மிகேல் துருஹீயோ வழக்குப் போட்டு 1948-ல்தான் அதைப் பெற்றுத் தந்தார்.

இனி மண் வீடு. 'அடோபி' என்பது நம் பச்சைக்கல், அதாவது சூளையில் வேகாத செங்கல். புவெப்லோக்கள் முன்பு மண்ணைக் கையால் அடுக்கடுக்காக வைத்தே சுவர் எழுப்பினார்கள். மரச் சட்டத்தில் அறுக்கும் முறை ஸ்பானியருடையது. வழக்கமான கல் 10 அங்குல அகலம், 14 அங்குல நீளம், 4 அங்குலக் கனம். எடை 14 முதல் 16 கிலோ வரை. கலவையில் களிமண் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள், மீதி மணல். களி கூடினால் காயும்போது வெடிக்கும். மணல் கூடினால் உதிரும். வைக்கோல் பலத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது சீராகக் காயவும் வெடிக்காமல் இருக்கவும்தான். அறுத்துப் போட்டு இரண்டு மூன்று நாளில் பக்கவாட்டில் நிமிர்த்தி, அடிப்பக்கத்தைச் சுரண்டி, மூன்று நான்கு வாரம் காயவிட வேண்டும்.

இந்தச் சுவர் எப்படிக் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ராஞ்சோஸ் தே தாவோஸ் ஊரின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்க்கலாம். ஆண்டுதோறும் மண் பூசும் வேலையிலிருந்து விடுபட 1967-ல் அதன்மேல் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட்டில் மயிரிழை வெடிப்பு வராமல் இருக்காது. அந்த வழியே உள்ளே போன மழைநீர் வெளியேற முடியாமல் தங்கியது. உள்ளே கல் மறுபடி சேறானது, வெளியே பூச்சு மட்டும் பார்க்க நன்றாகவே இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிமென்ட்டை உடைத்து எடுத்துவிட்டுப் பழையபடி மண்ணுக்கே திரும்பினார்கள். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் ஊர் மக்கள் கூடி மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கையால் பூசுகிறார்கள். மண் பூச்சு ஈரத்தை வாங்கும், அதேபோல் விட்டுவிடவும் செய்யும். அதன் அருமை அங்கேதான். சாண்டா ஃபேயில் 1957 முதல் பழைய நகர்ப் பகுதியில் கட்டடப் பாணிக்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் அங்கே மண் வீடு போலத் தெரிவதில் பல, மரச்சட்டத்தின் மேல் மண் நிறத்தில் பூசியவை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் அது அடோபி அல்ல.

மிளகாய்க்கு வருவோம். நம் சமையலறைக்கு மிளகாய் வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான், போர்த்துகீசியர் வழியாக. எனவே இது நமக்கு உறவுமுறைப் பயிர். நியூ மெக்சிகோவின் அதிகாரபூர்வ மாநிலக் கேள்வி 'சிவப்பா பச்சையா?' உணவகத்தில் உங்கள் தட்டின் மேல் எந்தச் சாறு ஊற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே செடியின் காய்தான். பச்சையாகப் பறித்தால் ஒன்று, செடியிலேயே பழுத்துக் காய்ந்தால் மற்றொன்று. இன்றைய நீண்ட சதைப்பற்றுள்ள வகையின் தந்தை ஃபபியான் கார்சியா. மெக்சிகோவின் சிவாவாவில் பிறந்து அனாதையாக வந்த சிறுவன், லாஸ் குரூசேஸ் வேளாண் கல்லூரியின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, பல உள்ளூர் வகைகளைக் கலந்து 1921-ல் 'நியூ மெக்சிகோ எண் 9' வகையை வெளியிட்டார்.

ஆகஸ்ட், செப்டம்பரில் கடை வாசல்தோறும் கம்பி வலை உருளைகள் கேஸ் தீயின் மேல் சுழலும். ஒரு மூட்டை 15 முதல் 18 கிலோ. உருளைக்குள் தோல் கறுத்துக் கொப்பளிக்கும்வரை சில நிமிடம் சுழற்றி, சூட்டோடு பையில் கட்டிவிட வேண்டும். தன் ஆவியிலேயே வியர்த்தால்தான் தோல் கழன்று வரும். தோலைக் குழாய்த் தண்ணீரில் கழுவி உரிக்காதீர்கள், சுட்ட மணம் முழுவதும் தண்ணீரோடு போய்விடும். கையுறை கட்டாயம். காரம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெண்ணரம்பில். காரம் வேண்டாமென்றால் அதைச் சுரண்டி எடுத்தால் போதும். சுட்ட மிளகாயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆறியதும் தோலோடே சிறு பைகளில் உறைய வைக்கலாம். உறைந்து இளகும்போது தோல் தானாகக் கழலும். சிவப்புச் சாற்றுக்குக் காய்ந்த மிளகாயின் காம்பும் விதையும் நீக்கி, வெந்நீரில் 15, 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து அரைத்து வடிகட்ட வேண்டும். முதலில் வறுப்பதானால் வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள். கொஞ்சம் கருகினாலும் முழுப் பாத்திரமும் கசக்கும்.

வயலின் நிலைமை கவலை தருகிறது. 1992-ல் 34,000 ஏக்கருக்கு மேல் இருந்த மிளகாய்ப் பரப்பு இப்போது 10,000 ஏக்கருக்கும் கீழே. பச்சை மிளகாயைக் காம்பு நீக்கிக் கையால் பறிக்க வேண்டும், ஆள் கிடைப்பதில்லை. தண்ணீர் கொஞ்சம் அதிகமாகத் தேங்கினாலும் வேரழுகல் வரும். இலைத்தத்துப்பூச்சி வைரஸைப் பரப்பிச் செடியைச் சுருட்டும். வெளியே விளைந்ததை 'நியூ மெக்சிகோ மிளகாய்' என்று விற்பதைத் தடுக்க 2011-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இனி அணுகுண்டு. 1940-களில் அதை ரகசியமாகச் செய்ய ராணுவம் தேடியது ஆள் நடமாட்டம் இல்லாத, கடற்கரையிலிருந்து வெகுதூரமான, மூடிக் காக்கக்கூடிய இடம். லாஸ் அலமோஸ் மேட்டு நிலத்தில் ஓர் ஆண்கள் பள்ளியையும் சுற்றியிருந்த குடியானவர்களின் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கு வேலை செய்த எல்லாருக்கும் ஒரே முகவரி: அஞ்சல் பெட்டி 1663, சாண்டா ஃபே. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழிலும் பிறந்த இடம் அந்தப் பெட்டி எண்தான். அற்ப விலைக்கு நிலம் இழந்த ஸ்பானிய வம்சக் குடும்பங்களுக்கு ஒரு கோடி டாலர் இழப்பீட்டு நிதி 2004-ல்தான் வந்தது.

1945 ஜூலை 16, காலை 5:29. உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டி நடந்த இடம் ஹோர்னாதா தெல் முயெர்த்தோ, 'இறந்தவனின் பயணம்'. பழைய மாட்டு வண்டிப் பாதையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தண்ணீரே இல்லாத பகுதிக்கு ஸ்பானியர் வைத்த பெயர் அது. 30 மீட்டர் கோபுரத்தின் மேல் புளுட்டோனியம் குண்டு வெடித்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்பது பொய். துலரோசா பள்ளத்தாக்கிலும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் குடும்பங்கள் இருந்தன. யாரையும் எச்சரிக்கவில்லை, வெளியேற்றவும் இல்லை. வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது என்று செய்தி கொடுத்தார்கள். அந்த வறண்ட நிலத்தில் மக்கள் குடித்தது கூரை மழைநீரைச் சேர்த்த தொட்டித் தண்ணீர். சாம்பல் விழுந்தது அந்தக் கூரைகளில், அந்தத் தொட்டிகளில், மாடுகள் மேய்ந்த புல்லில். 1990-ல் வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம் நெவாடா சோதனையின் பாதிப்பை ஏற்றது. முதல் குண்டு வெடித்த மாநிலத்து மக்களை விட்டுவிட்டது. 2025-ல்தான் அவர்களைச் சேர்த்தார்கள். சோதனை நடந்து 80 ஆண்டுகள். நோயாளிகளில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு விபத்துகள் இங்கே சொல்லியாக வேண்டும். 1979-ல் அதே ஜூலை 16 அன்று, சர்ச் ராக் யுரேனிய ஆலையின் கழிவுக் குட்டையின் கரை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவுநீரும் 1,100 டன் திடக்கழிவும் புவெர்க்கோ ஆற்றில் கலந்தன. நவஹோ பழங்குடி மக்கள் ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஆறு அது. அடுத்தது 2014 பிப்ரவரி. கார்ல்ஸ்பாட் அருகே நிலத்துக்கு 655 மீட்டர் கீழே உப்புப் பாறையில் அணு ஆயுதக் கழிவுப் பீப்பாய்களைப் புதைக்கிறார்கள். உப்பு மெல்ல நகர்ந்து தானே மூடிக்கொள்ளும் என்பது அதன் தத்துவம். லாஸ் அலமோஸில் ஒரு பீப்பாயை நிரப்பும்போது ஈரம் உறிஞ்சக் களிமண் வகைப் பூனை மணலுக்கு (வீட்டுப் பூனையின் கழிவுத் தட்டில் போடுவது) பதில், கோதுமையில் செய்த 'இயற்கை' வகையைப் போட்டுவிட்டார்கள். கழிவில் இருந்த நைட்ரேட் உப்பு அந்தக் கரிமப் பொருளோடு வினைபுரிந்து சூடேறியது, பீப்பாய் பிளந்தது. ஒரு பொருள் மாறியதற்கு அந்தக் கழிவுப் புதைப்பு நிலையம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

ராஸ்வெல் ஊரின் பறக்கும் தட்டும் இதே கிளையில் காய்த்ததுதான். 1947 ஜூலை 8-ல் விமானப்படைத் தளம் 'பறக்கும் தட்டு' கிடைத்ததாக அறிக்கை விட்டது, உடனே வானிலை பலூன் என்று மாற்றியது. சோவியத் அணுச் சோதனையின் ஒலியை உயர வானில் கேட்கப் பறக்கவிட்ட ரகசிய பலூன் அது என்று 1994-ல் விமானப்படை விளக்கியது. ராஸ்வெல்லுக்கு அதைவிடப் பெருமையான உண்மை ஒன்று இருக்கிறது: ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடார்ட் 1930-களில் தம் திரவ எரிபொருள் ராக்கெட்டுகளை ஏவிப் பார்த்தது அங்கேதான். யாருக்கும் தொந்தரவில்லாத வெட்டவெளி என்பதுதான் காரணம்.

அதே தூரமும் வறட்சியும் நல்லதற்கும் பயன்படுவதைப் பார்க்க சான் அகஸ்டின் சமவெளிக்குப் போக வேண்டும். 25 மீட்டர் விட்டம், 230 டன் எடையுள்ள 27 ரேடியோ தொலைநோக்கிகள் ஒய் வடிவத் தண்டவாளத்தில் நிற்கின்றன. காற்றில் நீராவி குறைவு, சுற்றிலும் மலை நகரங்களின் ரேடியோ இரைச்சலைத் தடுக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றை நகர்த்தி ஒரு கிலோமீட்டர் பரப்புக்குள் நெருக்குவார்கள், அல்லது 36 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரப்புவார்கள். நெருக்கினால் மங்கலான பெரிய பொருள் தெரியும், விரித்தால் நுண்ணிய விவரம்.

போக நினைப்பவர்களுக்குச் சில. சாண்டா ஃபே 2,100 மீட்டருக்கும் அதிக உயரம். முதல் நாள் மலையேற வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 'அரோயோ' எனும் வறண்ட ஓடைக்குள் வண்டி நிறுத்தாதீர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே மலையில் பெய்த வெள்ளம் வந்துவிடும். ஒயிட் சாண்ட்ஸ் எனும் வெள்ளை ஜிப்சம் மணல்மேடுகளில் நிழல் கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் இல்லாமல் நடக்கக் கூடாது, வெயிலில் அங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஏவுகணைச் சோதனை நடந்தால் சாலையை மூன்று மணி நேரம் வரை மூடுவார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஆல்பகர்க்கி பலூன் விழாவுக்குப் போனால் விடியும் முன்பே போய்விட வேண்டும். தாழ்வான குளிர்க்காற்று தெற்கேயும் மேல்காற்று வடக்கேயும் வீசும் அந்தக் காலை வேளையில்தான் பலூன் உயரத்தை மட்டும் மாற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். வெயில் ஏறினால் அந்தக் காற்றமைப்பு கலைந்துவிடும்.

புவெப்லோ ஊர்களின் திருநாள் நடனத்துக்கு வெளியாரை வரவேற்பார்கள். கேமராவை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். 'கிவா' எனும் வழிபாட்டு அறையின் ஏணிப் பக்கம் போகாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் கை தட்டாதீர்கள். அது மழை வேண்டிச் செய்யும் பிரார்த்தனை.